சாலை இறங்கியபோது இயந்திரம் எங்கே நின்றது? மென்மண் சுரங்கங்களில் தரை அமிழ்வை அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

மென்மண்ணில் சாலைக்கு அடியே சுரங்கம் தோண்டினால் தரை கொஞ்சமேனும் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கம் கணக்கிட்ட அளவுக்குள் நிற்கிறதா, தாண்டுகிறதா, தாண்டினால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து, சுரங்கச் சுவராகப் பொருத்தும் கான்கிரீட் வளையங்களில் அடுத்த சிலவற்றைப் பொருத்துவதற்குள் திருத்துவதுதான் கட்டுப்பாடு. இங்கே சொல்லப்படுபவை, ஆறு ஏழு மீட்டர் விட்டமுள்ள மெட்ரோ சுரங்கங்களைத் துளைக்கும் இயந்திரங்களுக்கு உரியவை. குறிப்பாக, வெட்டிய மண்ணையே முன் அறையில் நிறைத்து அதன் அழுத்தத்தால், இயந்திரத்தின் முன்னே வெட்டப்படும் மண் சுவரான முகப்பைத் தாங்கும் ஈ.பி.பி. வகைக்கு உரியவை. சென்னையைப் போல மேலே மணலும் வண்டலும் களிமண்ணும், சில மீட்டர் ஆழத்திலேயே நிலத்தடி நீரும், கீழே சிதைந்த பாறையும் இருக்கும் ஊர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஓர் அளவுப்புள்ளி 12 மி.மீ. இறங்கிவிட்டது என்று சர்வேயர் சொன்னதும், அனுமதித்த வரம்பு எவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, அந்த இறக்கம் நடந்த நேரத்தில் இயந்திரத்தின் முகப்பு அந்தப் புள்ளிக்கு எத்தனை மீட்டர் முன்னாலோ பின்னாலோ இருந்தது என்பது. முகப்பு வந்து சேர்வதற்கு முன்பே இறங்கினால் காரணம் ஒன்று. இயந்திரத்தின் உருக்குக் கவசம் அடியில் நகரும்போது இறங்கினால் வேறொன்று. கவசத்தின் வால் கடந்ததும் இறங்கினால் மற்றொன்று. எல்லாம் கடந்து வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் முற்றிலும் வேறு. 12 மி.மீ. என்ற எண் இந்த நான்கிலும் ஒன்றுதான், மருந்து மட்டும் ஒன்றல்ல. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியை வைத்து வரையும் படத்தோடு, முகப்பிலிருந்து உள்ள தூரத்தைக் கிடை அச்சில் வைத்து வரையும் படமும் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு இறங்குவது இயல்பு என்ற கணக்கு. ரால்ஃப் பெக் 1969-இல் மெக்சிகோ நகர மாநாட்டில் காட்டியபடி, சுரங்கத்துக்குக் குறுக்காகத் தரை இறங்கும் வடிவம் மணி போன்ற வளைகோடு. மையத்திலிருந்து அந்த வளைகோடு திரும்பும் புள்ளி வரை உள்ள தூரம், களிமண்ணில் சுரங்க மைய ஆழத்தில் ஏறக்குறைய பாதி; மணலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வரை. அந்தத் தூரத்தையும் மையத்தின் பெரும இறக்கத்தையும் பெருக்கி 2.5 மடங்காக்கினால், ஒரு மீட்டர் நீளத்தில் தரை இழந்த கன அளவு கிடைக்கும். வெட்டு விட்டம் 6.65 மீ., மைய ஆழம் 15 மீ. என்று கொள்வோம். முகப்பின் பரப்பு 34.7 சதுர மீட்டர். அதில் 1 விழுக்காடு மண் இழப்பு ஏற்பட்டால், களிமண்ணில் சாலை 18 மி.மீ. அளவுக்கு இறங்கும், திரும்பும் தூரம் ஆழத்தில் 0.35 பங்காக இருக்கும் மணலில் 26 மி.மீ. இறங்கும். மணலில் பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் விழுவதால் சாலைக்கும் அதன் அடியிலுள்ள குழாய்களுக்கும் ஆபத்து அதிகம். களிமண்ணில் அது அகலமாக விரிவதால் இரு பக்கக் கட்டடங்கள் வரை எட்டும்.

மூன்றாவது, அளவுப்புள்ளி எதில் பதிக்கப்பட்டிருக்கிறது என்பது. பல ஆண்டுகளாக அடுக்கடுக்காகத் தார் போட்டு உயர்ந்த சாலையும், அதனடியில் பழைய கான்கிரீட் தளமும் சேர்ந்து, கீழே மண் இல்லாவிட்டாலும் சில மீட்டர் அகலத்துக்குத் தாமே நிற்கும். அதன் மேல் ஆணி அடித்து எடுத்த அளவு தளத்தின் நிலையைச் சொல்லுமே தவிர மண்ணின் நிலையைச் சொல்லாது. தளத்தைத் துளைத்து, உறைக்குழாய் செருகி, அதற்குள் தளத்தைத் தொடாமல் கீழே உள்ள இயல்பான மண்ணில் ஊன்றிய கம்பியின் தலையில்தான் அளவெடுக்க வேண்டும். இந்தச் சிறு செலவை மிச்சம் பிடித்துவிட்டுத் டோட்டல் ஸ்டேஷன் என்ற தானியங்கி அளவைக் கருவிகளுக்குப் பெரும் பணம் செலவிடும் வேலைத்தளங்கள் உண்டு. சரியான இடத்தில் பதியாத புள்ளியை மணிக்கொரு முறை அளப்பதால் என்ன பயன் என்று எனக்கு விளங்கியதில்லை.

அறிகுறி: முகப்பு வருவதற்கு முன்பே தரை இறங்குகிறது

முகப்பு இன்னும் பத்து மீட்டர் தள்ளி இருக்கும்போதே புள்ளிகள் சில மில்லிமீட்டர் இறங்கினால், முகப்பின் அழுத்தம் போதவில்லை என்பதுதான் முதல் ஐயம். மேலே எடுத்துக்கொண்ட சுரங்கத்தில் நிலத்தடி நீர் 2 மீ. ஆழத்தில் இருப்பதாகக் கொண்டால், மைய மட்டத்தில் நீரின் அழுத்தம் மட்டும் 127 கிலோபாஸ்கல். தளர்ந்த மணலின் பக்க அழுத்தம் ஏறக்குறைய 50. ஏற்ற இறக்கத்துக்கென வைக்கும் கையிருப்பு 20. ஆக மொத்தம் 2 பார் (ஒரு பார் 100 கிலோபாஸ்கல்) அளவுக்கு அறையின் மையத்தில் அழுத்தம் நிற்க வேண்டும். மென்களிமண்ணில் கணக்கு வேறு வழியில் போகும்: மைய மட்டத்தில் மேல்மண்ணின் மொத்த அழுத்தத்திலிருந்து அறை அழுத்தத்தைக் கழித்து, மீதியைக் களிமண்ணின் வடிகாலற்ற வெட்டு வலிமையால், அதாவது நீர் வெளியேற நேரமில்லாத நிலையில் சரியாமல் தாங்கும் வலிமையால், வகுக்க வேண்டும். வலிமை 30 கிலோபாஸ்கல், மேல் அழுத்தம் 283 என்றால், 2 பாரில் இந்த எண் 3-க்குக் கீழே நிற்கும். ஆபரேட்டர் 1.3 பாருக்கு இறக்கிவிட்டால் அது 5-ஐத் தாண்டும். 6-ஐ நெருங்கினால் முகப்பு நிற்காது என்பது 1960-களிலிருந்து அறிந்த அளவுகோல்.

திரையில் அழுத்தம் சரியாகத் தெரிந்தும் தரை இறங்கினால் உணரிகளை நம்பாதீர்கள். உலர்ந்த களிமண் அப்பிக்கொண்ட உணரி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அறையிலிருந்து மண்ணை வெளியேற்றும் திருகு கன்வேயரை நிறுத்தி ஓட்டும்போது அதன் எண் அசைகிறதா என்று பார்த்தாலே உயிருள்ளதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, அறையின் மேல் உணரிக்கும் கீழ் உணரிக்கும் உள்ள வேறுபாடு. நன்கு குழைந்த மண் நிறைந்திருந்தால் ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் அழுத்தம் 13 முதல் 16 கிலோபாஸ்கல் வரை கூட வேண்டும். 10 மட்டுமே கூடினால் அந்த உயரத்தில் இருப்பது ஏறக்குறைய வெறும் நீர். எதுவும் கூடாவிட்டால் காற்றுக் குமிழி. மேல் பகுதியில் காற்று தேங்கிய அறை, அழுத்தக் கணக்கில் தேறினாலும், திருகு கன்வேயரில் ஒரு முறை வெடித்து வெளியேறினால் நொடியில் அரை பாரை இழந்துவிடும். அறைக்குள் செலுத்தும் நுரையின் அளவைக் குறைத்து, பாலிமரோ பென்டோனைட் என்ற களிமண் கரைசலோ கலந்து மண்ணைக் குழைவாக்கி, கன்வேயரின் வேகத்தைத் தணித்து அறையை மறுபடி நிறைக்க வேண்டும்.

இதற்கு எதிரான அறிகுறியும் உண்டு. முகப்புக்கு முன்னால் தரை மேலெழும்பினால் அழுத்தம் மிகுதி. இறங்குவதைவிட ஏறுவது நல்லதுதானே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். மென்களிமண்ணில் அது பொய் நிம்மதி: அழுத்தத்தால் குலைந்த களிமண் பின்னர் இறுகும்போது, ஏறியதைவிட அதிகமாக இறங்கக்கூடும். 3 மி.மீ. வரை ஏறினால் பொறுக்கலாம். அதற்கு மேல் ஏறினால் அழுத்தத்தைச் சிறு படிகளில் குறையுங்கள், ஒரேயடியாக இறக்காதீர்கள்.

அறிகுறி: சாலையில் ஒன்றும் தெரியவில்லை, வெளிவந்த மண் மட்டும் கணக்குக்கு மேல் இருக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் மிக ஆபத்தானது இது. மிக எளிதாகக் கடந்துபோகப்படுவதும் இதுதான். 1.4 மீ. நீளமுள்ள ஒரு வளையத்துக்கு வெட்ட வேண்டிய மண் 48.6 கனமீட்டர், கனமீட்டருக்கு 1.9 டன் என்றால் 92 டன். அதில் 5 விழுக்காடு கூடுதலாக வந்தால் இரண்டரை கனமீட்டர் மண் எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்பதற்கு ஒரே விடைதான் உண்டு: சுரங்கத்தின் தலைக்கு மேலிருந்து.

வரவு செலவுக் கணக்கு எளிதில் ஏமாற்றும். பெல்ட் எடைமானி விலகும். நுரையோடும் நீரோடும் சேர்ந்து எடை கூடும். மண் அடுக்கு மாறினால் அடர்த்தி மாறும். ஆகவே ஒரு வளையத்தின் எடையைக் கோட்பாட்டு எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டையிடுவதைவிட, முந்தைய பத்து வளையங்களின் போக்கோடு ஒப்பிடுவது நல்லது. எடைமானியையும், தொட்டி வண்டிகளின் எண்ணிக்கையையும், கன்வேயரின் சுழற்சிக் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, மூன்றில் இரண்டு ஒரே திசையில் போனால் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு வளையங்களில் 5 விழுக்காடு கூடினால் மேலே சாலையில் அந்த இடத்தைக் குறித்து ஒரு வழித்தடத்தையாவது மூட வேண்டும் என்பது என் கருத்து. போக்குவரத்துக் காவல்துறையிடம் அனுமதி கேட்பதற்கான கடிதம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

இந்தக் கோளாறு எங்கே பிறக்கிறது என்பதற்கு இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்லலாம். முதலாவது, முகப்பின் கீழ்ப்பாதியில் பாறையும் மேற்பாதியில் மணலும் இருக்கும் கலப்பு முகப்பு. பாறையை வெட்ட நேரம் பிடிப்பதால் இயந்திரம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். வெட்டுத்தலையோ சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேல்பாதி மணல் தானாகச் சரிந்து அறைக்குள் வரும். நகராத இயந்திரம் மண்ணை மட்டும் தின்றுகொண்டிருக்கும் இந்த நிலையில், அறை முழுவதும் நிறைந்திருந்தால் மட்டுமே மணல் நிற்கும். முறுக்குவிசை குறையட்டும் என்று அறையைப் பாதி காலியாக வைத்து ஓட்டுவது, பாறைக்கு நன்மை செய்து சாலையைப் பலி கொடுப்பதாகும்.

இரண்டாவது, நின்ற இயந்திரத்தை மறுபடி ஓட்டத் தொடங்கும் நேரம். டோக்கியோவின் சோஃபு பகுதியில் 2020 அக்டோபர் 18-இல் குடியிருப்புச் சாலையொன்று குழியாக விழுந்தது. அதற்கு 47 மீ. கீழே 16 மீ. விட்டமுள்ள நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது; இயந்திரம் அந்த இடத்தைக் கடந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. இரவில் நிறுத்தி வைத்தபோது அறையில் மண் படிந்து வெட்டுத்தலை சுழலாமல் போனதும், அதை விடுவிக்கச் செய்த வேலையில் மேல் மண் தளர்ந்து அளவுக்கு மீறி உள்ளே வந்ததும் காரணம் என்று ஆய்வுக் குழு முடிவுக்கு வந்தது. பிறகு துளையிட்டுப் பார்த்தபோது அருகிலேயே வேறு வெற்றிடங்களும் தரைக்கடியில் கண்டறியப்பட்டன. அத்தனை ஆழத்திலிருந்தும் வெற்றிடம் மேலே ஏறி வரும் என்பதும், அதற்கு வாரக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரல் 9 அன்று சர்ச் பார்க் பள்ளி அருகே, மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை நம்மில் பலர் படமாகப் பார்த்திருக்கிறோம். உயிரிழப்பு இல்லை.

மண் கூடுதலாக வந்தது உறுதியானால் செய்ய வேண்டியவை இவை. இயந்திரத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு விவாதிக்கக் கூடாது. அறையை நிறைத்து அழுத்தத்தை மீட்ட பிறகுதான் நிறுத்தலாமா என்று யோசிக்க வேண்டும். அந்த வளையங்களுக்கு வால் கிரவுட்டை (வளையத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவையை) வழக்கத்தைவிட அதிகமாக, அழுத்த வரம்புக்குள் செலுத்த வேண்டும். மேலிருந்து சிறு விட்டத் துளைகள் இட்டு, துரப்பணக் கம்பி எதிர்ப்பில்லாமல் விழும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, சிமென்ட்-பென்டோனைட் கலவையால் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். தரை ஊடுருவும் ரேடார் வண்டியை ஓட்டிவிட்டு, வெற்றிடம் இல்லை என்று அறிக்கை எழுதுவதை மட்டும் ஏற்காதீர்கள். ஈரக் களிமண்ணிலும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் அதன் பார்வை ஒன்றிரண்டு மீட்டரோடு மங்கிவிடும்; வெற்றிடம் இருப்பதாக அது சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் துளையிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அறிகுறி: கவசம் கடக்கும்போது சீராக இறங்குகிறது

முகப்பு கடந்தபோது அமைதியாக இருந்த புள்ளி, அடுத்த எட்டொன்பது மீட்டர் நகர்வில் ஒரே சீராக இறங்கினால், கவசத்தைச் சுற்றியுள்ள இடைவெளி மூடிக்கொள்கிறது என்று பொருள். வெட்டுத்தலை கவசத்தைவிடச் சற்றுப் பெரியது. கவசமும் பின்னால் போகப் போகக் குறுகும். சுற்றிலும் 15 மி.மீ. இடைவெளி இருந்தாலே அது முகப்புப் பரப்பில் 0.9 விழுக்காடு. முன்பு கண்ட கணக்குப்படி அது மணலில் 24 மி.மீ. வரை இறக்கம் தரும். வளைவுகளிலும், விலகிப்போன இயந்திரத்தைப் பாதைக்குத் திருப்பும் இடங்களிலும் இடைவெளி இன்னும் விரியும். இரண்டு வளையங்களில் பாதையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரப்படும் ஆபரேட்டர் அதற்குரிய விலையைச் சாலையில் கொடுக்கிறார். பத்துப் பதினைந்து வளையங்களில் மெல்லத் திருப்பினால் போதும். கவசத்தின் உடலில் உள்ள துளைகள் வழியே கெட்டியான பென்டோனைட்டை, அறை அழுத்தத்துக்குக் குறையாத அழுத்தத்தில் செலுத்தி இடைவெளியை நிறைத்தே வைத்திருப்பது நேரடி மருந்து. பல இயந்திரங்களில் இந்தத் துளைகள் இருந்தும் அடைபட்டுக் கிடப்பதைக் காணலாம். சாலைக்கு அடியே நுழைவதற்கு முன்பு அவற்றைத் திறந்து சோதியுங்கள்.

அறிகுறி: வால் கடந்ததும் திடீரென்று இறங்குகிறது

கான்கிரீட் வளையத்தின் வெளி விட்டம் 6.35 மீ. என்றால், வெட்டிய துளைக்கும் வளையத்துக்கும் இடையே 3 சதுர மீட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கும். முகப்புப் பரப்பில் அது ஏறக்குறைய 9 விழுக்காடு. மேலே கணக்கிட்ட 18 மி.மீ. இறக்கம் 1 விழுக்காட்டுக்கு வந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்த வெற்றிடத்தில் கிரவுட் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். 1.4 மீ. வளையத்துக்குக் கோட்பாட்டளவில் 4.3 கனமீட்டர் தேவை; மண்ணுக்குள் கசிவதையும் சுருங்குவதையும் சேர்த்து அதன் 120 முதல் 150 விழுக்காடு வரை செலுத்துவது வழக்கம்.

கோளாறைக் கண்டுபிடிக்க, செலுத்திய அளவையும் அழுத்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அளவு குறைவு, அழுத்தம் அதிகம் என்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. கிரவுட் குழாய்க்குள்ளேயே இறுகியிருக்கலாம், குறிப்பாக இரண்டு திரவங்கள் வாயிலில் கலந்து சில நொடிகளில் களியாகும் வகையில். அளவு அதிகம், அழுத்தம் ஏறவே இல்லை என்றால் கிரவுட் எங்கோ ஓடிப்போகிறது. கவசத்தின் வெளிப்புறமாக முன்னே ஊர்ந்து அறைக்குள் வரலாம். அப்போது திருகு கன்வேயர் மண்ணில் வெளுத்த சிமென்ட் தெரியும். கவசத்தின் வாலுக்கும் வளையத்துக்கும் இடையே கிரீஸோடு சேர்ந்து அடைக்கும் வால் பிரஷ்களைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் வரலாம். அப்போது கிரீஸின் அழுத்தமும் பிரஷ்களின் தேய்மானமும் பார்க்கப்பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மேலே ஏற்கெனவே இருந்த வெற்றிடத்தில் போய் நிறைகிறது என்பதே மிஞ்சும் விடை. உடனே அந்த வளையங்களின் மண் கணக்கை எடுத்துப் பாருங்கள். அளவும் அழுத்தமும் சரியாக இருந்தும் தரை இறங்கினால், பம்பின் அடிகளை எண்ணி அளவைக் கணக்கிடுகிறீர்களா என்று பாருங்கள். அடியில் பாதி காற்றாக இருந்தாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கும். கலவைத் தொட்டியில் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். பிறகு, கிரவுட்டைக் குவளையில் பிடித்து எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது, எவ்வளவு நீர் பிரிந்து நிற்கிறது என்று ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

அழுத்தத்தைப் பொதுவாக முகப்பு அழுத்தத்தைவிட அரை பார் முதல் ஒரு பார் வரை கூடுதலாக வைப்பார்கள். இயந்திரம் நகரும் அதே நேரத்தில் கிரவுட் போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது. நீர் நிறைந்த மணலில் வால் விட்டுச்செல்லும் இடைவெளி உங்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த ஷிஃப்டில் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவர் போடப்போவது ஏற்கெனவே விழுந்துவிட்ட மணலுக்குள். வளையத்தில் உள்ள துளைகள் வழியே பின்னர் செலுத்தும் இரண்டாம் கிரவுட், விடுபட்ட இடங்களை நிரப்புமே தவிர இறங்கிய சாலையைத் தூக்காது.

அறிகுறி: எல்லாம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் இறங்குகிறது

மென்களிமண்ணில் இது ஓரளவுக்கு இயல்பு. எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை, மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்தான் சொல்லும். களிமண்ணின் நுண்துளை நீர் அழுத்தம் வேலைக்கு முன்பிருந்த அளவைவிட உயர்ந்து, இப்போது மெல்லக் குறைந்துகொண்டிருந்தால், முகப்பிலோ கிரவுட்டிலோ கொடுத்த மிகை அழுத்தம் தணிகிறது. இறக்கமும் அதனுடன் தானே நின்றுவிடும், காத்திருக்கலாம். முன்பிருந்த அளவுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தால் சுரங்கமே வடிகாலாகிவிட்டது. வளைய இணைப்புகளின் கசிவை அடைக்காமல் எத்தனை மாதம் காத்திருந்தாலும் நிற்காது. சொட்டும் நீர் கொஞ்சம்தானே என்று விட்டுவிடக் கூடாது. களிமண்ணிலிருந்து நீர் வெளியேற வெளியேறத் தரை அகலமாக இறங்கும்.

அமிழ்வு சுரங்கத்தின் இருபுறமும் கணக்கிட்ட அகலத்தைத் தாண்டிப் பரவியிருந்தாலும் நீர்தான் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் அந்த நீர் பக்கத்து நிலையக் குழியில் பம்பு வைத்து இறைக்கப்படுவதாக இருக்கலாம். இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் நிலையக் குழியின் பம்புப் பதிவேட்டைக் கேளுங்கள்.

அறிகுறி: சாலையில் நுரையோ பென்டோனைட்டோ பொங்குகிறது

அழுத்தம் மிகுந்ததால் மண் பிளந்திருக்கலாம். ஆனால் நம் ஊர்களில் அதைவிட அதிகமாக ஐயப்பட வேண்டியது, பதிவில்லாமல் கைவிடப்பட்ட பழைய ஆழ்துளைக் கிணறும், மேலே கான்கிரீட் போட்டு மூடி மறந்துபோன உறைக்கிணறும். அவை முகப்பிலிருந்து தரைக்கு நேர்வழி. நுரை வெளிவந்ததும் அறை அழுத்தம் சட்டென்று விழும். உடனே அழுத்தத்தை ஏற்றினால் பொங்குவது அதிகமாகும். நுரையை நிறுத்திக் கெட்டியான பென்டோனைட்டுக்கு மாறி, மேலே துவாரத்தை மணல் மூட்டையாலும் விரைந்து இறுகும் கலவையாலும் அடைத்து, பிறகு மெல்ல நகர வேண்டும். சாலையோரக் கடைக்காரர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் முன்பே பழைய கிணறுகளைப் பற்றி விசாரித்து வரைபடத்தில் குறித்துக்கொள்வது, எந்தக் கருவியும் தராத தகவலைத் தரும்.

அறிகுறி: சுரங்கத்துக்குள் நீரோடு மணலும் வருகிறது

தெளிந்த நீர் வந்தால் கசிவு. கலங்கிய நீர் வந்தால் அவசரநிலை. மணல் வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு நிமிடமும் மேலே தரை காலியாகிறது. முதலில் ஆட்களை மேலும் கீழும் அப்புறப்படுத்துங்கள்: சுரங்கத்தில் தேவையற்றவர்களையும், மேலே சாலையிலும் ஓரக் கட்டடங்களிலும் இருப்பவர்களையும். நீரை இறைத்து வேலையிடத்தை உலர வைப்பது இயல்பான உந்துதல். அதுவே கேடு, ஏனெனில் இறைக்க இறைக்க உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு கூடி மணல் இன்னும் வேகமாக வரும். துவாரத்தைப் பாலியூரித்தேன் கிரவுட்டால் அடைக்க முடியாவிட்டால், சுரங்கத்தை அடைத்து உள்ளே நீர் நிரப்பி அழுத்தத்தைச் சமன் செய்வதே மண்ணைக் காக்கும் வழி. கொல்கத்தாவின் பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று இயந்திரம் நீர்தாங்கு மணலைத் தொட்டு, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தபோது, சுரங்கத்துக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி நீர் நிரப்பும் இந்த வழியைத்தான் கையாண்டார்கள்.

சுரங்கம் காரணமில்லாத இறக்கம்

பழைய குடிநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ உடைந்து மண்ணை அரித்தாலும் சாலை உள்வாங்கும். இயந்திரம் அருகில் இல்லாத நேரத்தில், ஒரே புள்ளி மட்டும் தனியாக இறங்கி, பக்கத்து ஆளிறங்கு குழியில் மணல் படிந்து கிடந்தால் குழாயைப் பாருங்கள். ஆனால் சுரங்கம் ஏற்படுத்திய சிறு இறக்கமே குழாயின் இணைப்பைப் பிரித்திருக்கலாம் என்பதால், பழி யாருக்கு என்ற வழக்கைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் நீரை நிறுத்துங்கள்.

சாலையை மறுபடி போடுவதற்கு முன்

இறங்கிய இடத்தில் இரவோடு இரவாகத் தார்க் கலவை கொட்டி மட்டமாக்கிவிட்டுக் காலையில் போக்குவரத்தைத் திறப்பது, நெருக்கடி தெரியாமல் மறைக்கும் பழக்கம். அதனால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன: கீழே வெற்றிடம் இருந்தால் அதன் மேல் பாலம் இன்னும் தடிமனாகிறது, அளவுப்புள்ளிகள் தாருக்குள் புதைந்து, புதிதாக அடித்த ஆணி பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. தார் போடும் முன் பள்ளத்தின் மையத்திலும் இரு ஓரங்களிலும் துளையிட்டு மண் இறுக்கத்தைச் சோதியுங்கள். துரப்பணம் எளிதாக இறங்கும் இடங்களை நிரப்புங்கள். நிரப்பிய கலவையின் அளவை அந்த வளையங்களின் உபரி மண்ணோடு ஒப்பிட்டு, குறைவாகப் போயிருந்தால் மீதி வெற்றிடம் எங்கே என்று இன்னும் தேடுங்கள். புதிய புள்ளிகளை மண்ணில் ஊன்றி, பழைய புள்ளி அதுவரை இறங்கிய அளவைப் புதிய புள்ளியின் கணக்கில் முன்தொகையாக எழுதுங்கள். மணல் மண்ணில் குறைந்தது மூன்று மாதமும், களிமண்ணில் பீசோமீட்டர் நிலைகொள்ளும் வரையும் அளவெடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்த வழித்தடத்தில் கனரக வண்டிகளை விடும் தேதியை, சாலைத் தளம் காய்ந்த நாளை வைத்து அல்லாமல், இந்த அளவுகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.